கையை மாற்றாதே, மையை மாற்று

நான் இடக்கையால் எழுதுபவள். சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலக்கையால்தான். பேனையைக் கண்டால் மட்டும் இடக்கை முந்திக்கொள்ளும்.

தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிறது. இடக்கைக்காரியின் கை, எழுதிய எழுத்தின் மேலாகவே அதைத் துரத்திக்கொண்டு போகிறது. மை காயாவிட்டால் எழுத்து கையில் ஒட்டும். கை அதை அடுத்த சொல்லில் பூசும்.

"குமிழ்முனைப் பேனையால் எழுதலாமே" என்று தோழிகள் கேட்பார்கள். எழுதலாம். ஆனால் மூத்தப்பாவால் அதை வாசிக்க முடியாது.

மூத்தப்பா வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்தவர். என் சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று, தான் பாவித்த ஹீரோ பேனையை எனக்குத் தந்தார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் கட்டுரைகளை வாசிப்பது அவர் வழக்கம். கண்ணில் வெண்புரை வந்த பின், மெல்லிய நீல எழுத்து அவருக்கு மங்கிப் போகிறது. ஈரக் கறுப்பு மையில் அழுத்தமாக எழுதினால், வரியின் கீழே விரலை ஓட்டி வாசித்துவிடுவார்.

தவணைப் பரீட்சையிலும் அந்தப் பேனையாலேயே எழுதினேன். இரண்டு பக்கங்கள் கரிச்சட்டி துடைத்த துணிபோல ஆகிவிட்டன. "உயர்தரப் பரீட்சையில் இப்படி எழுதினால் யார் வாசிப்பது?" என்று ஆசிரியை கேட்டார். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அப்பவே சொன்னேன், வலக்கையால எழுதிப் பழகு எண்டு" என்றார் மூத்தம்மா.

"கைய மாத்தாத மகள், மைய மாத்து" என்றார் மூத்தப்பா.

பிறகு அவர் விளக்கினார். மையிலுள்ள நீரில் ஒரு பங்கு கடதாசிக்குள் இறங்கும். மறு பங்கு காற்றில் போகும். மாரி காலத்தில் மாங்கேணியில் துவைத்த உடுப்பே காயாது. காற்றை நம்ப முடியாது. ஆகவே கடதாசிக்குள் விரைவாக இறங்கும் மை வேண்டும். வைக்கோலில் கடதாசி செய்த காலத்தைச் சொன்னார். எழுதும் கடதாசியில் மை ஊறிப் பரவாதிருக்கப் பசை சேர்ப்பார்களாம். பசை கூடினால் மை மேலேயே நிற்கும். குறைந்தால் ஒற்றுத்தாள்போல உறிஞ்சிவிடும்.

ஓட்டமாவடிக் கடையொன்றில் முதலில் என் கண்ணில் பட்டது இந்தியன் இங்க். விரைவாகக் காயும், தண்ணீரிலும் அழியாது. மூத்தப்பா தடுத்துவிட்டார். அது கரித்தூளும் அரக்கும் சேர்ந்த சித்திர மை. ஊற்றுப்பேனைக்குள் காய்ந்தால் பேனை அடைத்துவிடும். பார்க்கர் நிறுவனத்தின் குவிங்க் கறுப்பு மையை வாங்கினோம். 1931இல் வந்த மை அது. விரைவு, மை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயராம்.

பெயரை மட்டும் நம்பவில்லை. பரீட்சைத் தாள்போன்ற கடதாசியில் இரண்டு மைகளாலும் கோடுகள் கீறி, ஐந்து செக்கனுக்கு ஒருமுறை விரலால் தேய்த்துப் பார்த்தோம். பழைய மை 20 செக்கன் கழிந்தும் இழுபட்டது. புதியது 10 செக்கனுக்குள் காய்ந்தது. ஒரு குறை, மெல்லிய கொப்பித் தாளில் மறுபக்கம் தெரிகிறது. அதற்கு ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன்.

மூத்தம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்ச தா" என்று பேனையை வாங்கினார். அதில் இன்னும் பழைய மைதான் இருந்தது. சிறுவயதில் படித்த அரபுத்தமிழில், வலமிருந்து இடமாக, என் பெயரையும் உம்மாவின் பெயரையும் எழுதினார். வலக்கையால்தான் எழுதினார். எழுதி முடித்துக் கையைத் திருப்பினால் விளிம்பெல்லாம் கறுப்பு!

கொஞ்ச நேரம் கையையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "வலக்கையும் பூசுதே, புள்ள!"

அன்றிலிருந்து கையை மாற்றச் சொல்வதில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு, பேனையைக் கழுவிப் புது மை நிரப்பி ஒரு கட்டுரை எழுதினேன். கடைசி வரி முடிந்ததும் மூத்தப்பாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல வரிக்கு வரி விரலை ஓட்டி, நிறுத்தாமல் வாசித்து முடித்தார். பிறகு விரலை விளக்கருகே தூக்கிக் காட்டினார்.

விரலில் ஒரு பொட்டு மைகூட இல்லை.