கயிறு பிடிப்பவர்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதக் காலையில், நண்பர்கள் மூவரும் காசிமேட்டிலிருந்து ஒரு ஃபைபர் படகில் புறப்பட்டுத் திருவொற்றியூருக்கு நேர்கிழக்கே சென்றோம். மூவருமே ஸ்கூபா பயின்றவர்கள். இருவர் இறங்க, ஒருவர் படகில் இருப்பதாகத்தான் பேச்சு. ஆனால் கடல் அன்று வழக்கத்துக்கு மாறாகத் தெளிந்திருந்தது. மேலே தங்க எவருக்கும் மனமில்லை. "நங்கூரம்தான் இருக்கிறதே" என்றோம். மூவரும் இறங்கிவிட்டோம்.

அரைமணி கழித்து, முறைப்படி ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று மேலே வந்தபோது, படகு இருந்த இடத்தில் நீர் மட்டுமே இருந்தது. வடக்கே, எண்ணூர்ப் பக்கம், வெள்ளைப் புள்ளியாக அது விலகிக்கொண்டிருந்தது. நீந்தித் துரத்தினோம், தொலைவுதான் கூடியது. பிறகு மூவரும் கைகோத்து மிதந்தோம். வலையெடுத்துத் திரும்பிய மீனவர்கள் கண்டிராவிட்டால் இதை எழுத நாங்கள் இருந்திருப்போமா என்பது ஐயமே. தூக்கியேற்றிய பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "இன்னா சார், போட்ல ஆளு வுடாமலா எறங்குனீங்க?"

பதில் இல்லை. நங்கூரக் கயிற்றை ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்காவது விடவேண்டும் என்பது நாங்கள் படித்த பாடமே. அன்று விட்டது இரு மடங்குகூட இராது. ஆண்டின் பெரும்பகுதி இங்கே நீரும் மணலும் வடக்கு நோக்கியே நகர்கின்றன. துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையிழந்து கல்லணைகளுக்குப் பின்னே ஒதுங்கியதும் அதனால்தான். அந்தக் கற்களைத் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்.

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் லோனர்கன் தம்பதியரை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பது தெரியவே இரண்டு நாட்களாயின. அங்கே படகில் ஆட்கள் இருந்தார்கள். தலைகளைச் சரியாக எண்ணியவர்தான் இல்லை. எங்கள் படகிலோ எண்ணுவதற்கும் ஆளில்லை. அதைச் செய்தவர்களும் நாங்களே.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், மூழ்குபவரின் கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே அமர்த்துவார்கள் என்று தென்கடலோரத்தில் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலி அவன் கையிலல்லவா இருக்கிறது! மேலே இருப்பவர் வாய்ப்பை இழந்தவர் என்றே அதுவரை நினைத்திருந்தோம். மூழ்குதலில் பாதி அவருடைய வேலை என்பது கைகோத்து மிதந்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் விளங்கிற்று.

இப்போதும் செல்கிறோம். மூவரில் ஒருவர் மேலேயே இருக்கிறார், முறைவைத்து. கடல் எவ்வளவு தெளிந்திருந்தாலும்.