துரையின் துப்பாக்கி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளியில் கையெழுத்துப் பயிற்சிக்காகப் பலமுறை எழுதிய இந்தப் பழமொழியின் பொருள் எனக்கு விளங்கியது சென்ற ஆண்டில்தான். விளக்கியது ஒரு துப்பாக்கி. நண்பர்கள் திடுக்கிட வேண்டாம், கதையைக் கேளுங்கள்.

என் தந்தை கீழ்க்கட்டளையில் பழைய இரும்பு, பேப்பர் வாங்கும் தொழில் செய்பவர். ஒரு தள்ளுவண்டி, ஒரு தராசு, உரத்த குரல், இவையே அவரது மூலதனம். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, ‘எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை’ என்று எழுதிய தாளில் அப்பா கையெழுத்திட்டார். இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு மனிதர் அவ்வளவு பெருமையாகக் கையெழுத்திட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் கூடும் பழம்பொருள் சந்தையை இந்தப் பக்கத்து மாணவர்கள் அறிவார்கள். ஓடாத கடிகாரமும், பாடாத வானொலியும், பாதி தேய்ந்த ஸ்பானரும் அங்கே வாழ்வு பெறும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அப்பா ஒரு சாக்குப் பையிலிருந்து அதை எடுத்து என் முன்னால் வைத்தார். நீண்ட எண்கோணக் குழல், ஆறு அறைகள் கொண்ட சுழல் உருளை, மரக் கைப்பிடி. “பரங்கிமலைப் பங்களாவில் துரை வெச்சிருந்ததாம்டா. மூவாயிரம் குடுத்தேன்” என்றார்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த 3,000 ரூபாய், வீட்டு வாடகைக்கும் என் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கும் எடுத்து வைத்திருந்த பணம்.

மறுநாள் எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது: “கல்லூரிக்குக் கொண்டு வந்துவிடாதே!” அடுத்துச் சொன்னதுதான் என்னை நடுங்க வைத்தது. “அது சுடக்கூடியதா இல்லையா என்பதை முதலில் பார். சுடுமானால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பழையது என்பதால் மட்டும் தப்ப முடியாது. பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது.”

அதன்பின் ஒரு வாரம் படித்தேன், விசாரித்தேன். அந்த வடிவம், அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1851-இல் வெளியிட்ட ‘நேவி’ என்னும் கைத்துப்பாக்கியின் வடிவம். அந்தக் காலத்தில் இன்றைய தோட்டா இல்லை. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்த வேண்டும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்ததே கருமருந்து. அறையின் பின்புறம் துளையுள்ள ஒரு சிறு முளை இருக்கும். அதன்மேல், நாம் தீபாவளிக்கு அடிக்கும் பொட்டுவெடி போல மருந்து வைத்த ஒரு செப்புத் தொப்பி. சுத்தியல் அதை அடித்ததும் தீப்பொறி துளை வழியே போய் மருந்தைப் பற்ற வைக்கும். கோல்ட் 1853-இல் லண்டனிலும் ஒரு தொழிற்சாலை திறந்தார். ஆகவே ஒரு துரையின் பெட்டியில் இத்தகைய துப்பாக்கி சென்னைக்கு வந்திருக்கக் கூடாதென்பதில்லை. சந்தைக்காரரின் கதையில் அவ்வளவு நியாயம் உண்டு.

ஆனால் இதே வடிவத்தில் மூன்று வகை உண்டு. முதலாவது, அக்காலத்து அசல். அதன் பாகங்களில் வரிசை எண் வெட்டப்பட்டிருக்கும். உருளையைச் சுற்றி 1843-இல் நடந்த ஒரு கடற்போரின் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். அதன் விலை லட்சங்களில். இரண்டாவது, 1950-களின் இறுதியிலிருந்து இத்தாலியில் செய்யப்படும் நகல். எஃகால் ஆனது, உண்மையாகவே சுடும். சோதனைச் சாலையின் முத்திரையும், செய்த ஆண்டைக் காட்டும் குறியும் அதில் இருக்கும். விலை சில நூறு டாலர். மூன்றாவது, சுவரில் மாட்டுவதற்காக வார்த்த அலங்காரப் பொருள். அது சுடாது; விலையும் சொற்பம்.

எங்கள் வீட்டிலிருந்தது எது? எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய ஆயுதங்களை உற்றுப் பார்த்தேன். கைபட்ட இடம் தேய்ந்தும் படாத இடம் கூர்மையாகவும் இருந்தன. வீடு திரும்பி எங்களுடையதைப் பார்த்தேன். எல்லா இடமும் ஒரே அளவு பழையதாக இருந்தது! எழுத்துகள் வெட்டப்பட்டவையாக இல்லாமல், அச்சில் வார்த்தவை போல மழுங்கியிருந்தன. குழலின் அடியில் வார்ப்புக் கோடு ஓடியது. வரிசை எண் எங்கும் இல்லை. குழலுக்குள் ஈர்க்குச்சியை விட்டேன், பாதியில் நின்றது. உருளையின் அறைகள் விரல்நகம் அளவு ஆழம்கூட இல்லை. முளைகளில் துளையே இல்லை. இது சுடாது என்று தெரிந்ததும் ஒரு பயம் போயிற்று. அப்பாவின் பணத்தைப் பற்றிய பயம் வந்தது.

கடைசியாக ஆர்க்கிமிடீஸைத் துணைக்கு அழைத்தேன். மரப்பிடியைக் கழற்றிவிட்டு, தெருமுனை அண்ணாச்சி கடையின் மின்னணுத் தராசில் நிறுத்தேன்: 860 கிராம். பிறகு நீர் நிறைந்த பாத்திரத்தைத் தராசில் வைத்து, துப்பாக்கியை நூலில் கட்டி, அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். தராசு கூடுதலாகக் காட்டியது 128 கிராம். அப்படியானால் கன அளவு 128 கன சென்டிமீட்டர், அடர்த்தி 6.72. எஃகுக்கு 7.8 வர வேண்டும், பித்தளைக்கு 8.4-க்கு மேல். துத்தநாகத்தோடு சிறிது அலுமினியம் சேர்த்த வார்ப்பு உலோகத்துக்குத்தான் ஏறக்குறைய 6.7. உள்ளே காற்று தங்கியிருந்தால் கணக்குப் பிழைக்கும் என்று காந்தத்தையும் வைத்துப் பார்த்தேன். திருகாணிகளில் மட்டுமே ஒட்டியது.

முடிவைச் சொல்ல நான் வாய் திறக்கும் முன்பே ஒருவர் வந்துவிட்டார். கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளுக்கு அலங்காரப் பொருள் வாங்கித் தரும் தரகர். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், என்னையும் பார்த்தார். “தம்பி காலேஜ்ல சயின்ஸ்தானே? இது 1851-ல செஞ்ச அசல்னு இங்கிலீஷ்ல ஒரு தாள் எழுதி, படிப்பையும் போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நாற்பதாயிரம் தர்றேன்” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். எங்கள் வீட்டில் 40,000 ரூபாயை ஒன்றாகக் கண்டவர் எவருமில்லை. ஒரு தாள், நான்கு வரி. நான் கற்ற ஆங்கிலத்துக்கு முதன்முதலாக ஒருவர் விலை சொல்கிறார்! என் கை பேனாவைத் தேடவில்லை என்று எழுத ஆசைதான், அது பொய்யாகிவிடும். தேடியது.

“இது அசல் இல்லீங்க. சுவத்துல மாட்டுற பொம்மை. வேணும்னா அப்படி எழுதித் தர்றேன்” என்றேன். தரகர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு அப்பா பேசவே இல்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, மரப்பிடி மூடியிருந்த இடத்தில் ஓர் ஓரத்தைக் காட்டினார். அரத்தால் இழுத்த ஒரு சிறு கீறல். உள்ளே சாம்பல் வெள்ளை. “வாங்கின ராத்திரியே கீறிப் பாத்துட்டேன்டா. குழாய்த் திருகுல பித்தளைன்னு ஏமாத்துவானே, அதே சரக்கு. முப்பது வருஷமா இதுதானே தொழில்” என்றார்.

நான் ஒரு வாரம் படித்துக் கண்டதை அவர் ஒரு கீறலில் கண்டிருக்கிறார்! தெரிந்திருந்தும் தரகர் கேட்டபோது ஏன் சும்மா இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “உன் பீஸ் பணத்தைத் தொலைச்சிட்டேனேன்னு புத்தி போயிடுச்சு. நீ எழுதியிருந்தா நான் வாங்கித்தான் இருப்பேன். எழுதாததே நல்லது.”

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் சந்தைக்குப் போனோம். ‘அலங்காரப் பொம்மை, சுடாது’ என்று சொல்லியே 1,200 ரூபாய்க்கு விற்றோம். நட்டம் 1,800. தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாள் கழிந்தபின் அபராதத்தோடு கட்டினேன்.

திரும்பி வரும்போது, அருங்காட்சியகத்தில் கண்ட கற்கோடரிகளைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். 1863-இல் இதே பல்லாவரத்தில், சரளைக் கற்களுக்கு நடுவே கிடந்த ஒரு கல்லை இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கையிலெடுத்தார். எத்தனையோ பேர் மிதித்துப் போன கல் அது. மனிதக் கை செதுக்கிய அடையாளத்தை அவர் அதில் கண்டதால், இந்நாட்டின் மிகப் பழைய மனிதரின் வரலாறே வெளிச்சத்துக்கு வந்தது. அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, “கல்லுக்கு யாரும் தாள் எழுதித் தரலியே, அதுவே சொல்லிச்சா?” என்றார். “சொல்லிச்சுப்பா, பாக்கத் தெரிஞ்சவருக்கு” என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் பித்தளையா கலப்படமா என்ற ஐயம் வந்தால், அப்பா அரத்தை எடுக்கும் முன் என்னை நீர்ப் பாத்திரம் வைக்கச் சொல்கிறார். பிறகு தாமும் கீறிப் பார்க்கிறார். இதுவரை இரண்டு விடையும் ஒத்தே வருகின்றன.

நண்பர்களே, நாளை நாம் பட்டதாரிகள். நம் கையெழுத்தை நம்பி ஒருவர் பணம் தருவார். ஒருவர் மருந்து உண்பார். ஒருவர் பாலத்தில் நடப்பார். அந்தக் கையெழுத்தின் அடர்த்தி என்னவென்று நாமே ஒருமுறை நீரில் நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.