அண்ணனின் 67 எழுத்துகள்

எங்கள் வீட்டுக் கூரையில் நிற்கும் கம்பியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ஆஸ்ட்ரோவுக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். அமெச்சூர் வானொலிக்கு என்றேன். "கையிலதான் போன் இருக்கே, அப்புறம் எதுக்கு அங்கிள்?" என்றான். நியாயமான கேள்விதான். எனக்கே அதற்குப் பதில் கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

என்னை இந்தப் பழக்கத்திற்குள் இழுத்துவிட்டவர் பீடோங்கில் இருக்கும் ஓர் அண்ணன். கூடப் பிறந்தவர் அல்லர். ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியே வேலை வாழ்க்கையை முடித்தவர். நான் பணி ஓய்வு பெற்று சுங்கைப்பட்டாணி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "தேர்வு எழுதுடா தம்பி" என்று பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். நம் நாட்டில் வானொலி அலையில் பேச ஆசை மட்டும் போதாது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமமும் அழைப்புக்குறியும் பெற வேண்டும். எனக்கு 9 டபிள்யூ 2 என்று தொடங்கும் குறி கிடைத்தது. அன்றிலிருந்து மாலை ஏழு மணியானால் மலையுச்சி ரிப்பீட்டர் வழியாக அண்ணனின் கணீர்க் குரல் எங்கள் வரவேற்பறைக்கு வந்துவிடும்.

"இந்த இரைச்சல்லயே எவ்வளவு நாள் பேசுவ? டிஜிட்டலுக்கு வா" என்று சொன்னவரும் அவர்தான்.

டிஜிட்டல் குரலில் ஒரே வழி என்று எதுவும் இல்லை. டி-ஸ்டார் ஜப்பான் அமெச்சூர் வானொலிக் கழகம் உருவாக்கியது. சிஸ்டம் ஃபியூஷன் யேசு நிறுவனத்தினுடையது. டி.எம்.ஆர். ஐரோப்பியத் தரநிலையில் பிறந்தது. தொழிற்சாலை, பாதுகாவலர் வாக்கிடாக்கிகளுக்காக வந்து, பிறகு எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு நேரடியாகப் புரியாது. எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதாடுவோர் உண்டு. என் கருத்து எளியது: உங்கள் நண்பர்கள் எதில் இருக்கிறார்களோ அதை வாங்குங்கள். உலகிலேயே சிறந்த கருவியை வாங்கி வைத்துக்கொண்டு தனியாக யாரிடம் பேசுவது? அண்ணன் டி.எம்.ஆரில் இருந்தார். நானும் அதையே வாங்கினேன்.

கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே பேசிவிட முடியாது. முதலில் உரிமத்தைக் காட்டி ஏழு இலக்க அடையாள எண் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மலேசியர்களுக்கு அது 502 என்று தொடங்கும், சிங்கப்பூரர்களுக்கு 525. அடுத்தது 'கோட்பிளக்'. அலைவரிசை, வண்ணக் குறியீடு, நேரப் பிரிவு, பேச்சுக்குழு எல்லாவற்றையும் கணினியில் எழுதிக் கருவிக்குள் இறக்கும் கோப்பு அது. புதிதாக வருவோர் பாதிப் பேர் இங்கேதான் மனம் விட்டுப்போகிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது தெரிந்தால் பயம் போய்விடும். டி.எம்.ஆர். ஒரே அலைவரிசையை 30 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு உரையாடல்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. அதுதான் நேரப் பிரிவு. பேச்சுக்குழு என்பது கோப்பிக் கடை மேசை மாதிரி. எந்த மேசையில் உட்கார்கிறீர்களோ அந்தப் பேச்சுதான் காதில் விழும். 'பிராண்ட்மைஸ்டர்' வலையில் 502 நம் நாட்டு மேசை, 91 உலக மேசை. முதல் நாள் அங்கெல்லாம் போக வேண்டாம். 9990 என்றொரு எண் உண்டு. அதை அழைத்துப் பேசினால், நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்லும். 'கிளி' என்பார்கள். கிளியிடம் பேசிப் பழகிவிட்டு மனிதர்களிடம் போகலாம்.

வீட்டருகே டி.எம்.ஆர். ரிப்பீட்டர் எட்டாவிட்டால் 'ஹாட்ஸ்பாட்' போதும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. வெறும் 10 மில்லிவாட் சக்தி. நம் கைக்கருவியின் அலையை வாங்கி வீட்டு இணையத்தில் ஏற்றிவிடும். "இணையத்தில் போவது வானொலியா?" என்று பழையவர்கள் முகம் சுளிப்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. இணையம் அறுந்தால் கைக்கருவியின் அலை அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகாது. ஆனாலும் நான் சமையலறையில் நின்றுகொண்டு கனடாக்காரர் ஒருவரிடம் பனியைப் பற்றிக் கேட்ட அந்த முதல் இரவை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

ஒரு பழக்கம் மட்டும் அவசியம். ஒருவர் பேசி முடித்ததும் இரண்டு விநாடி சும்மா இருக்க வேண்டும். இடையில் யாராவது அவசரமாக நுழைய அதுதான் வாசல்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனின் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. குரல் போனது.

மருத்துவமனையில் அவருக்கு ஒரு மின்கருவியைப் பழக்கினார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் அது அதிரும். அந்த அதிர்வை வாயால் சொல்லாக்க வேண்டும். ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சுருதி. நேரில் கேட்டால் புரியும். ஆனால் டிஜிட்டல் குரல் பொல்லாதது. வீட்டுத் தொலைபேசி டிஜிட்டலானபோது ஒரு குரலுக்கு விநாடிக்கு 64,000 பிட்டுகள் ஒதுக்கினார்கள். டி.எம்.ஆர். குரலுக்கு ஒதுக்குவது 2,450. பிழை திருத்தும் பிட்டுகளைச் சேர்த்தாலும் 3,600தான். அவ்வளவு இறுக்கிப் பிழிவதால், உள்ளே இருக்கும் மென்பொருள் வருவது மனிதப் பேச்சு என்ற அனுமானத்திலேயே வேலை செய்கிறது. பக்கத்தில் தவில் வாசித்தால் தண்ணீருக்குள் வாசிப்பது போல் கேட்கும். அண்ணன் கழுத்தில் கருவியை வைத்து நாட்டு மேசையில் தம் அழைப்புக்குறியைச் சொன்னார். எங்கிருந்தோ ஒருவர், "உங்கள் சிக்னல் உடைகிறது, ஹாட்ஸ்பாட்டைச் சரிபாருங்கள்" என்று மலாயில் அன்பாகச் சொன்னார். அவர் மீது தப்பில்லை. டிஜிட்டலில் சிக்னல் கெடும்போது பழைய வானொலி போல் மெல்ல இரையாது. இயந்திர மனிதன் போல உளறிவிட்டு அடங்கும். அண்ணனின் குரல் அப்படித்தான் கேட்டது.

அன்று கருவியை அணைத்தவர் பிறகு தொடவில்லை. "வாட்சாப் இருக்கே" என்றார்கள் பிள்ளைகள். இருந்தது. ஆனால் வாட்சாப்பில் அவர் அப்பா, தாத்தா. அலையில்தான் அவருக்கு அழைப்புக்குறி. முப்பது ஆண்டுகளாக வடக்கில் பலருக்கும் தெரிந்த குறி அது.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஏ.பி.ஆர்.எஸ். எங்களில் பலர் அதைக் கார் எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டும் விளையாட்டாகவே வைத்திருந்தோம். அதை உருவாக்கிய அமெரிக்கர் பாப் புரூனிங்கா, அது வண்டியைத் தேடும் கருவி அல்ல, மனிதர்கள் செய்தி பரிமாறும் வழி என்று 2022இல் மறையும்வரை வலியுறுத்தி வந்தவர். எனக்கு அது அண்ணன் வீட்டில்தான் புரிந்தது.

செலவு அதிகமில்லை. பெட்டியில் தூங்கிய பழைய அனலாக் கைக்கருவி, பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி, அதில் ஏ.பி.ஆர்.எஸ்.டிராய்ட் என்ற செயலி, இரண்டையும் இணைக்கும் ஒரு கேபிள். அலைவரிசை 144.390 மெகாஹெர்ட்ஸ். தட்டெழுதி அனுப்பினால் தொலைநகல் இயந்திரம் போல் ஒரு சிறு இரைச்சல்; அதற்குள் செய்தி போய்விடும். ஒரு செய்திக்கு 67 எழுத்துகள்தான். தமிழ் எழுத்தைப் பல கருவிகளின் திரை காட்டாது என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். இது எனக்கு இன்னமும் உறுத்தல்தான். ரகசியமும் இல்லை: அமெச்சூர் அலையில் பொருளை மறைத்து அனுப்ப விதி இடம்கொடுக்காது. அண்ணியின் சமையலைக் குறை சொன்னால் பெர்லிஸ் வரை தெரிந்துவிடும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஏக்'. நம் செய்தி போய்ச் சேர்ந்ததும் எதிர்க்கருவி தானாக அனுப்பும் ஒப்புதல் அது. வராவிட்டால் நம் கருவி சற்று நேரம் விட்டு மீண்டும் அனுப்பிப் பார்க்கும். சில முறை முயன்ற பிறகே கைவிடும்.

முதல் இரண்டு நாள் அண்ணன் எனக்கு மட்டும் எழுதினார். மூன்றாம் நாள் அவர் குறியைத் திரையில் கண்ட ஒருவர் அலோர்ஸ்டாரிலிருந்து "எங்கே போயிருந்தீர்கள்?" என்று எழுதினார். இப்போது மாலையானால் அவருக்கு என்னிடம் பேச நேரமில்லை. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் 145.825 மெகாஹெர்ட்ஸில் செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி ஒன்று உண்டு. அது இயங்கும் நாள்களில், நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்திற்குள் ஒரு செய்தியைப் போட்டுவிடுகிறார். பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்காக 400 கிலோமீட்டர் மேலே போய் இறங்கும் செய்தி! வீண் வேலை என்பாள் என் மனைவி.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு மரம் சாய்ந்து மின்சாரம் போனது. கைப்பேசியிலும் கோடு இல்லை. அலமாரி மேலிருந்த கைக்கருவி மட்டும் கிர்ரென்றது. "கரண்டு இல்ல. அண்ணி தூங்குறா. நீ எப்படி?" நலம் என்று எழுதி அனுப்பினேன். ஏக் வரவில்லை. கருவி தானாக மறுபடி அனுப்பியது. வரவில்லை. கூரைக் கம்பியின் கேபிளைச் சரியாகத் திருகிவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் முறை வந்தது.