இரண்டு இரவுக் கப்பல் பயணம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பயணம் என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வது என்றே நாம் எண்ணுகிறோம். வேளாங்கண்ணிக்குச் செல்கிறோம்; உதகைக்குச் செல்கிறோம்; விடுமுறையில் அத்தை வீட்டிற்குச் செல்கிறோம். போய்ச் சேர ஓர் ஊர் இருப்பதால் வழியில் படும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால், புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவதற்காகப் பணம் கட்டிச் செல்லும் பயணமும் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, நடுக்கடலில் உலவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அதே துறைமுகத்தில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல் பயணந்தான் அது. அதற்குப் போகலாமா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் மூன்று வாரங்கள் ஆலோசனை நடந்தது. அதில் நான் அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். தோழியர் எவர் வீட்டிலேனும் இப்பேச்சு எழுந்தால் பயன்படக்கூடும்.

எங்கள் வீடு இராயபுரத்தில் உள்ளது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி என அறுவர் இருக்கிறோம். அப்பா மாதந்தோறும் கட்டி வந்த சீட்டு முடிந்து, ஜூன் மாதத்தில் ரூ.1,50,000 கைக்கு வந்தது. அதே வாரத்தில் கப்பல் விளம்பரமும் வந்து சேர்ந்தது. நீச்சல் குளத்தின் படத்தைக் கண்டதும் தம்பிக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மாவோ கூடத்தின் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சென்ற மழைக்காலத்தில் அங்கே மூன்று இடங்களில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். ஐப்பசி பிறப்பதற்குள் மொட்டை மாடியைச் செப்பனிட வேண்டும். அதற்குக் கொத்தனார் சொன்ன தொகை ரூ.85,000. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரத் தாளை நான்காக மடித்துத் தம் மூக்குக் கண்ணாடிக் கூட்டிற்குள் வைத்துக்கொண்டார்.

"ஆளுக்கு ஒன்றாகப் பேசுவதால் பயனில்லை. நீ நன்மை தீமை இரண்டையும் எழுதிக் கொண்டு வா. பிறகு முடிவு செய்வோம்" என்று அப்பா அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

முதலில் கப்பலைப் பற்றி விசாரித்தேன். சென்னையிலிருந்து இத்தகைய உல்லாசப் பயணம் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது வந்த 'எம்பிரஸ்' என்ற கப்பல் 1990இல் பிரான்சு நாட்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முதற்பெயர் 'நோர்டிக் எம்பிரஸ்'. அமெரிக்காவின் மியாமி நகரிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுகளில் சென்று திரும்புவதற்கென்றே அதை வடிவமைத்தார்கள். நீண்ட விடுப்பு எடுக்க இயலாதவர்களும், கடல் தமக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று அஞ்சுகிறவர்களும் சிறிது காலம் போய்ப் பார்த்து வரட்டும் என்பதே குறும்பயணத்தின் நோக்கம். 1,500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் அக்கப்பலில் உணவுக்கூடங்கள், நாடக அரங்கம், நீச்சல் குளம் யாவும் உண்டு. சூதாட்டக்கூடமும் உண்டு. அது இருப்பதைக் கேட்டதும் பாட்டி, "அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம்" என்று தம்பியை முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள்.

அடுத்து, காலக் கணக்குப் போட்டேன். வெள்ளி மாலை 5 மணி முதல் ஞாயிறு காலை 9 மணி வரை மொத்தம் 40 மணி நேரம். இரண்டு இரவுகளின் உறக்கம் 16 மணி. எஞ்சுவது 24 மணி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த தொகை ஒன்று. அதன்மேல் வரி, துறைமுகக் கட்டணம், பணியாளர் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்தபின் வந்த தொகை வேறொன்று. யாவும் சேர்த்து ஆளுக்கு ரூ.21,000 ஆயிற்று. அதாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒருவருக்கு ரூ.875! சாப்பாட்டு வரிசையில் நிற்கும் நேரத்திற்கும் அதே விலைதான். ஆறு பேருக்கும் ரூ.1,26,000. அத்தொகையைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டால் மொட்டை மாடிக்கு மிஞ்சுவது ரூ.24,000 மட்டுமே.

இந்தக் கணக்கை இரவுச் சாப்பாட்டிற்குப் பிறகு வாசித்தேன். "ஊரையே சேராத பயணத்திற்கு ஒன்றேகால் லட்சமா!" என்றார்கள் அம்மா. எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் நின்று சூரியோதயம் காண வேண்டும் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். ஆயினும் கணக்கு கணக்குதானே! வேண்டாம் என்ற முடிவை நோக்கியே பேச்சு போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பாட்டி, "இவர்களை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லையே" என்று தாத்தாவைக் காட்டினார்கள்.

தாத்தா 1967இல் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 38 ஆண்டுகள் உழைத்து, 2005இல் ஓய்வு பெற்றவர். கன்டெய்னர் பெட்டிகள் வருமுன், மூட்டைகளை ஆட்களே சுமந்த காலத்தில் வேலை தொடங்கியவர். 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலையும், 1985இல் அது தீ விபத்துக்கு உள்ளானதையும் சொல்வார். நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் நின்று செல்லும் அக்கப்பல்களில் போனவர்கள் உல்லாசத்திற்காகப் போனவர்கள் அல்லர். பிழைப்புக்காகவும், உறவினரைக் காணவும் தகரப் பெட்டியோடு ஏறியவர்கள். அவர்களுடைய பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்த தாத்தா ஒருமுறைகூடக் கடலில் சென்றதில்லை.

நாங்கள் வற்புறுத்திய பின் தாத்தா சொன்னார்: "கப்பல் போறதைக் கரையிலிருந்து முப்பத்தெட்டு வருஷம் பார்த்தாச்சு. கப்பலிலிருந்து பார்த்தா நம்ம கரை எப்படித் தெரியும்? எனக்கு அது ஒண்ணுதான். குளமும் வேண்டாம், கூத்தும் வேண்டாம்."

எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். தம்பிகூட வாய் திறக்கவில்லை. மறுநாள் நான் வேறொரு கணக்கை எடுத்துக்கொண்டேன். கப்பலிலிருந்து கரை எவ்வளவு நேரம் கண்ணுக்குத் தெரியும்? பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் பிதாகரஸ் தேற்றமே இதற்கு விடை தருகிறது. பூமி உருண்டை, அதன் ஆரம் 6,371 கி.மீ. கப்பலின் மேல்தளம் நீர்மட்டத்திற்கு மேல் 30 மீட்டர் என்று கொண்டால், அங்கு நிற்பவருக்குத் தொடுவானம் 19.5 கி.மீ. தொலைவில் இருக்கும். மெரினாவிலுள்ள கலங்கரை விளக்கத்தின் கோபுரம் ஏறத்தாழ 45 மீட்டர். அதன் உச்சியிலிருந்து தொடுவானம் 23.9 கி.மீ. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 43 கி.மீ. கப்பல் மணிக்கு 15 கடல்மைல், அதாவது 28 கி.மீ. வேகத்தில் நேர் கிழக்கே சென்றால், ஒன்றரை மணி நேரத்தில் கலங்கரை விளக்கத்தின் உச்சியும் கடலுக்குள் இறங்கிவிடும். மூடுபனியும் புகையும் இருந்தால் அதற்கு முன்பே மறையும். ஆக, தாத்தா விரும்பிய காட்சி போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஒன்றரை மணி. 40 மணி நேரப் பயணத்தில் அவருக்கு வேண்டியது மூன்று மணி நேரமே!

அந்த மூன்று மணிக்குச் செலவு குறைந்த வழி உண்டா என்றும் ஆராய்ந்தோம். கலங்கரை விளக்கத்தில் 2013 முதல் பொதுமக்கள் ஏறலாம், மின்தூக்கியும் இருக்கிறது. ஆனால் அதுவும் கரைதானே! நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்று சேர்ந்தது. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். தாத்தா காண விரும்பும் கரையும் அதுவன்று. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் பயணிகள் கப்பலில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் 1,200 கி.மீ. தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும். முழங்கால் வலியுள்ள எண்பது வயதுக்காரருக்கு அது ஆகாது. ஊரைச் சேராமல் விரைவில் திரும்புவதைக் குறையென்று பட்டியலில் ஒரு பக்கம் எழுதிய நான், தாத்தாவின் பெயருக்கு நேரே அதையே நிறையென்று எழுத வேண்டியதாயிற்று.

ஆகவே என் பரிந்துரையைப் பின்வருமாறு எழுதிக் கொடுத்தேன். ஆறு பேர் போக வேண்டாம். மூன்று பேர் போகலாம். தாத்தா போக வேண்டும். தாத்தாவுக்குத் துறைமுக வாயில்வரை தினமும் சோற்றுத் தூக்குக் கொண்டு சென்ற பாட்டி போக வேண்டும். இருவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்ல அப்பா போக வேண்டும். மூவருக்கும் ரூ.63,000, மாடிக்கு ரூ.85,000, மொத்தம் ரூ.1,48,000. சன்னல் வைத்த அறை வேண்டாம். உட்புற அறை போதும். அறை உறங்குவதற்கே, மேல்தளத்தின் காற்றும் காட்சியும் எல்லாருக்கும் பொது. தலைசுற்றல் குறைவாக இருக்கும் என்பதால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்க வேண்டும். வங்கக்கடலில் புயல்கள் மிகுதியாக வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்க்க வேண்டும். ஞாயிறு காலை 9 மணிக்குக் கரை சேர்வதால் மாலைத் திருப்பலிக்குத் தடையில்லை.

இதை எழுதும்போது சூரியோதயத்தை நினைத்து எனக்கு வருத்தமே இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் எனக்குப் பதினைந்து வயது. கடல் எனக்காகக் காத்திருக்கும். தாத்தாவின் முழங்கால் காத்திருக்காது. தம்பி மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணா சதுக்கத்தையொட்டிய நீச்சல் குளத்திற்கு நான்கு சனிக்கிழமைகள் அழைத்துச் செல்வதாக அம்மா வாக்களித்த பிறகே சமாதானமானான்.

ஆகஸ்டு மாதத்தில் மூவரும் போய் வந்தார்கள். தாத்தா புறப்படும்போது இரண்டு மணி நேரம் பின்தளத்தை விட்டு நகரவில்லையாம். சாயங்கால வேளையாதலால் சூரியன் நகரத்தின் பின்னே இறங்கியதாம். கடற்கரையில் நின்று கிழக்கே உதயத்தை மட்டும் பார்க்கும் நமக்கு அது புதுமையே. முதலில் வீடுகள், பிறகு பாரந்தூக்கிகள், அதன்பின் உயர்ந்த கட்டடங்கள் என ஒவ்வொன்றாக மறைந்தனவாம். என் கணக்கில் ஒன்றரை மணி வந்தது. இருட்டிய பிறகும் கலங்கரை விளக்கத்தின் ஒளி சுழன்று சுழன்று தெரிந்ததாம். சனிக்கிழமை முழுவதும் தாத்தா பெரும்பாலும் உறங்கினார். பாட்டி நாடகம் பார்த்தார்கள். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்றார்கள்.

திரும்பி வந்த அன்று, "எப்படி இருந்தது தாத்தா?" என்று கேட்டேன். "நான் வேலை செஞ்ச இடம் இம்மாத்துண்டு இருந்துச்சும்மா" என்று கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டிச் சிரித்தார்.

தோழியரே, குறுகிய கப்பல் பயணம் பயனுள்ளதா என்று கேட்டால், எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஊர் பார்க்க விரும்புகிறவர் இரயிலில் போகலாம். குளமும் கூத்தும் விரும்புகிறவருக்கு அவை நிலத்திலேயே மலிவாகக் கிடைக்கும். கடலைத் தவிர வேறெங்கும் கிடைக்காத ஒன்றை நம் வீட்டில் எவரேனும் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தால், அவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுப்பது வீண் செலவாகாது. கணக்குப் போடுமுன் வீட்டில் பேசாதிருப்பவரையும் கேட்டுவிடுங்கள். எங்கள் மாடியும் செப்டம்பரிலேயே சரியாகிவிட்டது. இந்த மழைக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை.