நடுவில் யார்?

கும்பகோணம்
18.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் படம் வந்து சேர்ந்தது என்றும், முகம் மட்டும் தெரிந்து சுற்றிலும் எல்லாம் மங்கிக் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். கையில் நல்ல போன் இருக்கும்போது பிளாஸ்டிக் பொம்மை கேமராவில் எதற்கடா எடுக்கிறாய் என்ற உன் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. அதனால்தான் இந்தக் கடிதம்.

படத்தை இன்னொரு முறை பார். கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து அம்மா பூ கட்டுகிறாள். நாரை இழுத்துப் பிடித்த கட்டைவிரலும், மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஏறிய புருவமும் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஓரத்துக்குப் போகப் போகக் கிணற்றுச் சுவர் குழைகிறது, துணிக்கொடி கரைகிறது, நான்கு மூலையும் இருட்டிவிடுகிறது. வலப்பக்கம் ஓர் ஆரஞ்சுக் கீற்று இருக்கிறதே, அது கேமராவின் பின்மூடி இடுக்கில் நுழைந்த வெயில்.

இதன் பெயர் ஹோல்கா. 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் லீ டிங்-மோ என்பவர், சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் செய்த கேமரா. லென்ஸ் ஒற்றைப் பிளாஸ்டிக் வில்லை. 120 ஃபிலிமின் ஆறு சென்டிமீட்டர் சதுரம் முழுவதையும் சீராக நிரப்ப அதற்கு வலுவில்லை. நடுவில் ஓரளவு கூர்மையாக விழும் ஒளி, ஓரத்தில் சிதறிக் குறைந்துவிடுகிறது. தூரத்தைக் கணிக்க லென்ஸைச் சுற்றி நான்கு சின்னப் படங்கள்: ஒரு ஆள், குடும்பம், கூட்டம், மலை. அம்மாவுக்கு 'ஒரு ஆள்' வைத்தேன்.

இந்தக் குறைதான் எனக்கு வேண்டியிருக்கிறது, அக்கா. போனில் எடுத்தால் அம்மாவும் வாளியும் பக்கத்து வீட்டு டிஷ்ஷும் ஒரே தெளிவில் வந்து நிற்கும். எதைப் பார்ப்பது என்ற வேலையைப் பார்ப்பவர் தலையில் கட்டிவிடலாம். ஹோல்காவில் நடுவில் இருப்பது மட்டும்தான் பிழைக்கும். யாரை நடுவில் வைப்பது, எதைக் கரையவிடுவது என்று எடுக்கிறவன் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்பதால் அந்தத் தீர்மானம் இன்னும் கனக்கிறது.

அமெரிக்காவில் நான்சி ரெக்ஸ்ராத் என்றொரு புகைப்படக் கலைஞர். டயானா என்ற, இதேபோல ஹாங்காங்கில் செய்த பொம்மை கேமராவோடு 1970களில் ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர்களில் அலைந்தார். அந்தப் படங்களை 1977இல் புத்தகமாகப் போட்டபோது அவர் வைத்த பெயர் 'அயோவா'. சிறுவயதில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த மாநிலம் அது. கூர்மையான லென்ஸாக இருந்தால் ஓஹையோவின் பெயர்ப்பலகை வரைக்கும் காட்டிக்கொடுத்திருக்கும். டயானா விவரத்தையெல்லாம் விட்டுவிட்டதால், அவர் மனசில் இருந்த ஊர் வந்து உட்கார இடம் கிடைத்தது.

செய்திப் படத்திலும் இந்தக் குறை பலமாகியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தில் வேட்பாளர் அல் கோரைச் செய்திப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட் ஹோல்காவில் எடுத்த படம், வெள்ளை மாளிகைச் செய்திப் புகைப்படக்காரர்கள் சங்கப் போட்டியில் பரிசு வாங்கியது.

போனிலேயே இந்த மாதிரி ஃபில்டர் இருக்கிறதே என்பாய். அது எடுத்து முடித்த பிறகு பூசுவது. எடுக்கிற நேரத்தில் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அந்த விட்டுக்கொடுத்தலில்தான் எடுத்தவனுடைய அன்பு தெரிகிறது என்று நான் நம்புகிறேன். மங்கலாக வந்ததெல்லாம் நல்ல படமும் ஆகாது. நடுவில் வைக்க ஒன்றுமில்லாமல் எடுத்தால் அது வெறும் மங்கல்தான்.

பொங்கலுக்கு வரும்போது 120 ரோல் இரண்டு வாங்கி வா. ஐஎஸ்ஓ 400ஆகப் பார்த்து வாங்கு. ஹோல்காவின் ஷட்டர் வேகத்தை மாற்ற முடியாது, துளையும் பெரிதாகத் திறக்காது. மர நிழலில் எடுக்க 100 போதாது. ஒரு ரோல் முழுக்க உனக்குத்தான். பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் கொல்லையில் கூடியிருப்பார்கள். யாரை நடுவில் வைக்கப்போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். நீயே முடிவு செய்து அழுத்து.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தம்பி,
செந்தில்