காகிதம் யார் கையில்?

ராணுவ வழக்கில் நான் முதலில் கேட்பது, காகிதம் யார் வசம் இருக்கிறது என்பதைத்தான். விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை என்று பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு சிப்பாய்க்காகச் சில ஆண்டுகளுக்கு முன் தீர்ப்பாயத்தில் வாதாடினேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, விடுப்பை நீட்டிக்கக் கேட்டுக் கடிதம் போட்டேன் என்றார் அவர். அப்படி எதுவும் வரவில்லை என்றது படைப்பிரிவு. அவரை விசாரித்தது சுருக்க ராணுவ நீதிமன்றம். அங்கே கட்டளை அதிகாரி ஒருவரே நீதிமன்றம். உடன் அமரும் இருவருக்குத் தீர்ப்பில் பங்கில்லை. கடிதம் வந்ததா என்று சொல்லக்கூடிய தபால் பதிவேடோ அதே அதிகாரியின் அலுவலகத்தில் இருந்தது. கையிலுள்ள ஆவணத்தைக் காட்டாதவருக்குப் பாதகமாக ஊகிக்கலாம் என்கிறது சாட்சியச் சட்டம், அதைத்தான் பிடித்துக்கொண்டேன். பணிநீக்கம் பணிவிடுவிப்பாக மாறியது. ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 ஆண்டுகள் நிரம்பாததால் பென்ஷன் கிடைக்கவில்லை.

அந்த வழக்குக்காக நம் ராணுவச் சட்டத்தின் வேர்களைத் தேடியபோது பிரிட்டிஷ் போர்விதிகளுக்குப் போய்ச் சேர்ந்தேன். அமெரிக்கக் காங்கிரஸ் 1775இல் தன் படைக்கு வகுத்த விதிகளும் அவற்றை ஒட்டியவையே. அவை மனிதர்களை என்ன செய்தன என்பதை, ஜார்ஜ் வாஷிங்டனின் படை 1779-80 குளிர்காலத்தைக் கழித்த மோரிஸ்டவுன் முகாமில் பார்க்கலாம். வீரர்கள் தாங்களே மரம் வெட்டிக் கட்டிய குடிசைகளில், குடிசைக்குப் பன்னிரண்டு பேர் வரை தங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி என்று காங்கிரஸ் அளவு வைத்திருந்தது. ஆனால் பனியில் பாதைகள் அடைபட்டு, ரொட்டியோ இறைச்சியோ இல்லாமல் நாள்கள் கழிந்தன. சம்பளமும் மாதக்கணக்கில் பாக்கி. வந்தாலும் காகித டாலருக்கு மதிப்பில்லை. 1780 மார்ச்சில் காங்கிரஸே நாற்பது காகித டாலரை ஒரு வெள்ளி டாலராகக் கணக்கிட்டது.

பசித்தவர்கள் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் திருடினார்கள். பிடிபட்டால், 1776ஆம் ஆண்டு விதிகளின்படி நூறு சவுக்கடி வரை விழும். ஜனவரியில் வாஷிங்டன் வேறு வழி தேடினார்: நியூ ஜெர்சியின் ஒவ்வொரு மாவட்டமும் இத்தனை மாடு, இத்தனை தானியம் தர வேண்டும் என்று அங்கங்கே இருந்த நீதிபதிகளுக்கு எழுதினார், கொடுத்தவர்களுக்குச் சான்றிதழ் தரச் சொன்னார். தராவிட்டால் பறிமுதல் என்ற மிரட்டலும் கூடவே இருந்தது. அது பண்ணைக்காரருக்குச் சுமைதான், என்றாலும் எடுத்ததற்குக் கணக்கு இருந்தது. முகாமுக்குச் சாப்பாடும் வந்தது.

மே மாதத்தில் மறுபடி பஞ்சம். 25ஆம் தேதி கனெக்டிகட் படைப்பிரிவுகள் இரண்டு, ஐந்து மாதச் சம்பளப் பாக்கியையும் உணவையும் கேட்டுத் துப்பாக்கியோடு அணிவகுத்து நின்றன. மறுநாள் அதே முகாமில் மரண தண்டனை பெற்ற சிலரைத் தூக்குமேடைக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு அங்கேயே மன்னிப்பு. பென்சில்வேனியா வீரர் ஜேம்ஸ் கோல்மனை மட்டும் தூக்கிலிட்டார்கள். பொய்யான விடுவிப்புச் சீட்டுகள் எழுதித் தானும் நூற்றுக்கு மேற்பட்டவர்களும் படையை விட்டுப் போக வழி செய்தார் என்பது அவர்மீதான குற்றம்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1781 ஜனவரி 1ஆம் தேதி அதே பென்சில்வேனியா படை கிளர்ந்தெழுந்தது. ‘மூன்று ஆண்டு அல்லது போர் முடியும்வரை’ என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மூன்று ஆண்டு முடிந்தால் போகலாம் என்றனர் வீரர்கள், போர் முடியட்டும் என்றனர் அதிகாரிகள். சமரசம் பேசியபோது சேர்க்கைத் தாள்கள் உடனே கிடைக்கவில்லை. அதனால் வீரரின் சத்தியத்தையே சான்றாக ஏற்று விடுவித்தார்கள். ஏறத்தாழ 1,300 பேர் வீட்டுக்குப் போனார்கள்.

கோல்மனுக்காக நான் வாதாடியிருந்தால், சீட்டு பொய் என்பதை மறுத்திருக்க மாட்டேன். அந்தச் சீட்டோடு போனவர்களில் எத்தனை பேருக்கு ஒப்பந்தக் காலம் உண்மையிலேயே முடிந்திருந்தது என்று கேட்டிருப்பேன். அவர்களுடைய சேர்க்கைத் தாள்களை அரசுத் தரப்பு முன்வைக்கும்வரை தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லியிருப்பேன்.