மிதியும் அளவும்

இரண்டு கைகளும் கிதாரில் மாட்டிக்கொண்டுவிட்டால், வாசிப்பின் நடுவே ஒலியை மாற்ற மனிதனுக்கு மிச்சமிருப்பது கால்தான். அமெரிக்காவில் 1966-ல் பிராட் பிளங்கெட் என்ற எஞ்சினீயர் கையில் உருவான 'வா வா' மிதி அதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. மிதித்தால் கிதார் குழந்தை மாதிரி அழும்.

என் மருமானிடம் இருப்பது டிஜிட்டல் பெட்டி. அதன் மிதிப்பலகைக்கு இன்ன வேலை என்று கிடையாது. எந்தக் குமிழின் வேலையையும் ஒப்படைக்கலாம். இரண்டும் பேசிக்கொள்வது 1983-ல் ஏற்பட்ட 'மிடி' பாஷையில். 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள்.

"மெஷின் வாசிக்கிறது, இவன் எங்கே வாசிக்கிறான்?" என்பார் அத்திம்பேர். (பாவம், தவணை கட்டுகிறவர் அவர்.)

ஒரு நாள் உட்கார்ந்து கவனித்தேன். எதிரொலியின் அளவை மிதியில் கட்டியிருந்தான். முழுக்க அமுக்கியதும் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சந்தை இரைச்சலாயிற்று. உடனே மேல் எல்லையை 127-லிருந்து 50-க்கு இறக்கினான். முன்பு அரை மிதிக்குள் முடிந்துபோன தூரம் இப்போது முழு மிதிக்கும் விரிந்துவிட்டது. பாதத்தால் துளித் துளியாக அளக்க முடிந்தது. கடைசிச் சுரத்துக்கு மட்டும் குதிகாலைத் தூக்கினான். அது கூடமெல்லாம் நிறைந்து நின்று, மெல்லத் தேய்ந்தது.

அந்த ஐம்பதை மெஷின் சொல்லவில்லை, அவன் காது சொல்லிற்று. அத்திம்பேரிடம் சொன்னேன்.

"காது இருக்கிறதுடா, சரி. சம்பளம்?" என்றார்.

உள்ளே அவன் ஐம்பதை நாற்பத்தைந்தாக்கிக்கொண்டிருந்தான்.